சமையலறைக்கு எவ்வளவு ஆகும்?

வழக்கமாக வேற்றுமை உருபுகளைப் பற்றியும் கட்டுரைப் பயிற்சியைப் பற்றியும் எழுதும் நான், இம்முறை சமையலறையைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியைக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இந்தக் கதை ஒரு கட்டுரைத் தாளில்தான் தொடங்கியது.

சிராங்கூன் சாலைக்கு அருகில் வார இறுதியில் நடக்கும் என் தமிழ் வகுப்பில், தொடக்கநிலை ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒருமுறை, ‘என் வீட்டில் எனக்குப் பிடித்த இடம்’ என்னும் தலைப்பைக் கொடுத்தேன். பெரும்பாலோர் படுக்கையறையைப் பற்றியும் கணினி மேசையைப் பற்றியும் எழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும், ‘எங்கள் வீட்டில் ஒரு சமையலறை இருந்தது’ என்று தொடங்கியிருந்தாள். நான் ‘இருந்தது’ என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே ‘இருக்கிறது’ என்று எழுதி, காலப் பிழை என்று அரை மதிப்பெண் குறைத்துவிட்டேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: “இல்ல டீச்சர், இப்ப எங்க வீட்டுல சமையலறை இல்ல. உடைச்சுப் போட்டுட்டுப் போய்ட்டாங்க. ரெண்டு மாசமாச்சு.”

அன்று வகுப்பு முடிந்ததும் அவளை அழைத்துச் செல்ல வந்த தந்தையாரிடம் பேசினேன். புதுப்பிப்பு வேலைக்கு 18,000 வெள்ளி பேசியிருந்தார். கையெழுத்திட்ட அன்றே பாதித் தொகை; அலமாரிக்குப் பலகை வாங்க வேண்டும் என்று இரண்டே வாரத்தில் இன்னொரு தொகை; ஆக 11,000 வெள்ளியைக் கொடுத்துவிட்டார். பழைய ஓடுகளையும் அலமாரிகளையும் உடைத்து அகற்றியதோடு ஆட்கள் நின்றுவிட்டனர். பிறகு தொலைபேசியை எடுக்க ஆளில்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை நாடினார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் அதற்குள் அந்த நிறுவனமே கலைக்கப்பட்டிருந்தது. கைக்குத் திரும்பி வந்தது மிகச் சொற்பம். மகளின் உயர்நிலைப் பள்ளிச் செலவுக்கென்று சேர்த்த பணம் அது.

“எனக்கு நல்லா வாசிக்கத் தெரியும் டீச்சர். ஆனா அந்தத் தாளை நான் வாசிக்கல. கடைசி வரியில இருந்த தொகையை மட்டும் பார்த்தேன்” என்றார்.

கருத்தறிதல் பயிற்சியில், முழுப் பகுதியையும் படிக்காமல் கடைசிப் பத்தியிலிருந்து விடை எழுதும் பிள்ளைகளை நான் எத்தனையோ முறை கடிந்துகொண்டிருக்கிறேன். அன்று அவரிடம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. மாணவியின் தாளைத் திரும்ப வாங்கி, வட்டத்தை அடித்துவிட்டு, அரை மதிப்பெண்ணைக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டின் முறை 2024இல் வந்தது. அங் மோ கியோவில் பழைய நாலறை வீவக வீடு எங்களுடையது. தொட்டிக்குக் கீழிருந்த அலமாரி நீர் குடித்து ஊதிவிட்டது. தரை ஓடுகள் சில எழும்பிவிட்டன. அப்போது எனக்கு அந்தத் தந்தையாரின் சொல்தான் நினைவில் நின்றது. ஆகவே மூன்று விலைப்புள்ளிகளை வாங்கி, உணவு மேசையில் பரப்பி வைத்து, கணவரும் நானும் பதினான்கு வயது மகனும் அமர்ந்து வரிவரியாகப் படித்தோம்.

முதலாவது 9,800 வெள்ளி. இரண்டாவது 17,200. மூன்றாவது, உள்ளலங்கார நிறுவனம் ஒன்றினுடையது, 26,500. ஒரே சமையலறைக்கு இத்தனை வேறுபாடா என்று மகன் வியந்தான். “மூன்றும் ஒரே வேலையைத்தான் சொல்கின்றனவா என்று முதலில் பார்” என்றேன்.

சொல்லவில்லை. 9,800 வெள்ளித் தாளில் அலமாரியும் மேடையும் மட்டுமே இருந்தன. பழைய ஓடுகளை உடைத்து அகற்றுவது (2,000), தரைக்கும் சுவருக்கும் புதிய ஓடு பதிப்பது (4,000), மின்சார வேலை (900), குழாய் வேலை (600), சாதாரண மேடைக்குப் பதிலாகக் குவார்ட்ஸ் கல் (1,500) ஆகியவை தனித்தனியே கூடுதல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். மகன் கூட்டிப் பார்த்தான்: 18,800 வெள்ளி. மலிவானது என்று எண்ணியது இரண்டாவதைவிட விலை உயர்ந்ததாகிவிட்டது. மேலும், அதன் அலமாரிகள் துகள் பலகையால் ஆனவை, இரண்டாவதில் ஒட்டுப்பலகை. நீர் பட்டால் துகள் பலகை ஊதிவிடும் என்பதை எங்கள் பழைய தொட்டியடியே எங்களுக்குக் கற்பித்திருந்தது.

மூன்றாவது தாளில் குறையொன்றும் இல்லை. வடிவமைப்புக் கட்டணமும் மேற்பார்வையும் அதில் அடங்கும். வேலைக்குச் செல்லும் நேரம் போக மேற்பார்வையிட இயலாதவர்களுக்கு அது பொருந்தலாம். எங்களுக்கு அத்தனை வசதி இல்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்த இரண்டாவது விலைப்புள்ளியை, கேட்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அப்படியே தருகிறேன்:

உடைத்தல், அகற்றல்: 1,900 வெள்ளி
தரைச் சாந்து, நீர்த்தடுப்பு, ஓடு பதித்தல்: 4,100
அலமாரி, மேலும் கீழுமாக 26 அடி, அடிக்கு 200 வீதம்: 5,200
குவார்ட்ஸ் மேடை, 13 அடி, அடிக்கு 130 வீதம்: 1,690
மின்சாரம்: 1,300
குழாய் வேலை, தொட்டியுடன்: 1,400
சாயம், தரைப் பாதுகாப்பு, இறுதித் துப்புரவு முதலியன: 1,610

ஆக மொத்தம் 17,200 வெள்ளி. ஒன்றைக் கவனியுங்கள். விருந்தினர் வந்து பார்த்துப் பாராட்டும் அலமாரியும் மேடையும் சேர்ந்து 6,890 வெள்ளிதான். அதாவது நாற்பது விழுக்காடு. மீதி அறுபது விழுக்காட்டில் பெரும்பகுதி ஓட்டுக்கு அடியிலும் சுவருக்குள்ளும் மறைந்துவிடுகிறது. படம் பார்த்து விலை பேசுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்தத் தொகையோடும் செலவு முடியவில்லை. பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. அது மட்டும் 1,548 வெள்ளி. பல விலைப்புள்ளிகளில் வரி சேர்க்கப்படுவதில்லை; கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அடுப்பும் புகைபோக்கியும் ஜாலான் புசார் பக்கத்துக் கடையொன்றில் 1,350. உரிமம் பெற்றவரைக் கொண்டு எரிவாயுக் குழாயை இணைக்க 180. சுவரை உடைத்தபோது உள்ளே அரித்துப்போன குழாய் ஒன்று தென்பட்டது. அதை மாற்ற 650. கிரைண்டருக்குத் தனி மின்செருகி 120. ஐந்து வாரங்கள் சமையலறை இல்லாததால் வெளியில் சாப்பிட்ட வகையில், நாளொன்றுக்கு 15 வெள்ளி கூடுதலென்று கொண்டால் 525.

இன்னொரு செலவைத் தனியே சொல்ல வேண்டும். நாங்கள் மேடைக்கு என்ன நிறக் கல் என்று மூன்று நாட்கள் விவாதித்துக்கொண்டிருந்தோம். எழுபத்திரண்டு வயதான என் அத்தை அதுவரை ஒன்றும் பேசவில்லை. கடைசியில், “கல்லு எதுவா இருந்தா என்னம்மா? நான் உட்கார்ந்து காய் நறுக்க ஒரு இடம் இருந்தாப் போதும். முட்டி வலிக்குது, நிக்க முடியல” என்றார். நாற்பது ஆண்டுகள் அந்தச் சமையலறையில் நின்றவர் அவர். அவரைக் கேட்காமலே வரைபடத்தை முடித்துவிட்டிருந்தோம். வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து வேலை செய்யும் உயரத்தில் இழுத்து விரிக்கும் பலகை ஒன்றைச் சேர்த்தோம், 380 வெள்ளி. அந்த வாரமே சிராங்கூன் சாலைக் கடைக்கு அவரை அழைத்துச் சென்று, அவர் விரும்பிய கிரைண்டரின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து வந்து அதற்கேற்ப அலமாரியின் அளவை மாற்றினோம். அலமாரி செய்த பிறகு அளந்தால் பயனில்லை. இட்லிப் பானைக்கும் அப்படியே.

எல்லாம் கூட்டினால் 21,953 வெள்ளி. விலைப்புள்ளியின் கடைசி வரியைவிடக் கால் பங்குக்கும் அதிகம். ஆகவே சமையலறைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: விலைப்புள்ளியில் உள்ள தொகையோடு கால் பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; அந்தத் தொகை கையில் இல்லாவிட்டால் வேலையைத் தள்ளிப்போடுங்கள், அல்லது குறைத்துக்கொள்ளுங்கள். பழைய ஓடு உறுதியாக இருந்தால், தரையின் மொத்தக் கனத்திற்கான வரம்பை மீறாமல் அதன் மேலேயே புதிய ஓட்டைப் பதிக்கலாம். உடைக்கும் செலவு மிச்சம்.

பணத்தைப் பற்றியும் சில சொற்கள். மத்திய சேமநிதியைப் புதுப்பிப்புக்குப் பயன்படுத்த முடியாது. வங்கிகள் பொதுவாக மாத வருமானத்தைப் போல் ஆறு மடங்கு அல்லது 30,000 வெள்ளி, இவற்றுள் எது குறைவோ அதுவரை புதுப்பிப்புக் கடன் தருகின்றன. கடன் கிடைக்கிறது என்பதற்காக முழுத் தொகையையும் வாங்கிவிட வேண்டியதில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கிய பணத்தைத் தொடுவதற்குமுன், அலமாரிக் கதவுகளை மட்டும் மாற்றினால் போதுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

வீவக வீட்டில் புதுப்பிப்பு வேலை செய்பவர் கழகத்தின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருக்க வேண்டும், இணையத்தில் சரிபார்க்கலாம். பட்டியலில் பெயர் இருப்பது உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் ஆகாது. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனமாக இருந்தால், நிறுவனம் மூடப்பட்டாலும் முன்பணத்துக்குப் பிணைப் பத்திரத்தின்வழிப் பாதுகாப்பு உண்டு. நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கோரலாம். இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் நம் மாணவியின் தந்தையார் கற்றுக்கொண்டதுபோல், தீர்ப்பு வேறு, பணம் வேறு. கொடுக்காத பணத்தைத் திரும்பப் பெற வேண்டிய தேவையே இல்லை.

ஆகையால் நாங்கள் பணத்தை வேலையின் பின்னாலேயே அனுப்பினோம். கையெழுத்தின்போது 10 விழுக்காடு. உடைத்து அகற்றிய பின் 30. ஓடு பதித்த பின் 30. அலமாரி பொருத்திய பின் 25. இரண்டு வாரம் சமைத்துப் பார்த்துக் குறைகளைச் சரிசெய்த பின் கடைசி 5. முதலில் குத்தகையாளர் தயங்கினார். “நீங்கள் செய்த வேலைக்கு ஒருநாளும் தாமதமாகாது” என்று என் கணவர் சொன்னதும் ஒப்புக்கொண்டார். நாங்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம். இரண்டாவது வாரத்தில் ஒரு கதவின் கீல் தளர்ந்தது. அழைத்த மறுநாளே வந்து சரிசெய்தார். அந்த 5 விழுக்காட்டின் அருமை அன்று தெரிந்தது.

பெற்றோருக்கு மற்றொன்று: ஓடு உடைப்பது போன்ற பேரோசை வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணிவரை மட்டுமே அனுமதி. உங்கள் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ தேர்வு நெருங்கினால், அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்த மாணவி இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவர்கள் வீட்டுச் சமையலறை, தந்தையார் கூடுதல் நேரம் வேலை செய்து சேர்த்த பணத்தில், சிறிது சிறிதாக எழும்பியது. சென்ற தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். “எங்க வீட்டுச் சமையலறையில செஞ்சது டீச்சர். இப்ப இருக்குது” என்றாள்.

விலைப்புள்ளித் தாள் உங்கள் வீட்டுக்கு வரும்போது, பிள்ளைகளையும் உடன் அமர்த்தி, முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல் ஒவ்வொன்றையும் அடிக்கோடிடட்டும். அதைவிட நல்ல கருத்தறிதல் பயிற்சியை என்னால் தயாரிக்க இயலாது.