மௌனத்தை ஆராய்தல்

ஒரு பொருள் ஓரிடத்தில் உண்டு என்பதைக் கண்டு அறிகின்றோம். இல்லை என்பதை எவ்வாறு அறிகின்றோம்? அளவை நூலார் நெடுங்காலம் ஆராய்ந்த வினா இது. ‘இந்நிலத்தில் குடம் இல்லை’ என்பது அவர்கள் வழக்கமாக எடுத்தாளும் உதாரணம். குடம் இருந்தால் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும், புலப்படவில்லை, ஆதலின் இல்லை. இவ்வாறு காணாமையைக் கொண்டு இன்மையைத் துணிவதை அபாவம் என்னும் தனி அளவையாகக் கொண்டாரும் உளர். நமது சிவஞான சித்தியாரோ அளவைகள் பலவற்றையும் எடுத்துக் கூறி, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என முடிக்கும். எவ்வாறு கொள்ளினும் இத்துணிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ‘இருந்தால் புலப்படும்’ என்னும் நிலை அங்கே இருத்தல் வேண்டும். இருட்டறையில் நின்று ‘குடம் இல்லை’ என்பது அறிவாகாது.

இவ்வாராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடுவது என எண்ணுதல் வேண்டா. கடல்நீரில் நனைந்து குரல் கம்மிய ஒரு கருவி இதனை எனக்கு நன்கு விளங்க வைத்தது.

2019 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் வாழும் என் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அத்தான் நமது கல்லூரியின் பழைய மாணவர். மெற்றல் டிற்றெக்டர் என வழங்கும் உலோகங்காண் கருவியைக் கையிலேந்திப் போட் பிலிப் விரிகுடாவின் கரைகளிலே உலாவுவது அவரது ஓய்வுநாட் பொழுதுபோக்கு. அந்நாட்டில் இஃது அரிய வழக்கமன்று. அவர் வாழும் விக்ரோறியா மாநிலம் பொன் விளைந்த நிலம். 1980 ஆம் ஆண்டில் கிங்கோவர் என்னும் ஊரருகே இத்தகைய கருவியொன்றினால் ஏறத்தாழ 27 கிலோகிராம் நிறையுள்ள பொற்கட்டி கண்டெடுக்கப்பட்டது.

ஒருநாட் பிற்பகல் அத்தானுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவ்வீட்டு மூதாட்டியார் பேரப்பிள்ளைகளோடு கடலில் இறங்கி நின்றபோது விரலிலிருந்த மோதிரம் நழுவிவிட்டது. காலஞ்சென்ற கணவர் மணநாளில் அணிவித்த மோதிரம். ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வீடு, வளவு, குடும்பப் படங்கள் அனைத்தையும் இழந்து வந்தவர்க்கு அந்நாளை நினைவூட்ட எஞ்சியிருந்தது அஃது ஒன்றே. நாங்கள் சென்றடைந்தபோது அவர் மணலிலே அமர்ந்து, வெறுமையான விரலைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை.

அத்தான் கருவியோடு நீரில் இறங்கினார். அதன் அடியில் உள்ள வளையத்தில் செப்புக் கம்பிச் சுருள் இருக்கின்றது. அதிற் பாயும் மாறுமின்னோட்டம் சுற்றிலும் காந்தப் புலத்தை உண்டாக்கும். அப்புலம் மோதிரத்திற் படும்போது மோதிரத்தினுள்ளும் சிறு மின்னோட்டங்கள் சுழலும். அவை உண்டாக்கும் எதிர்ப்புலத்தை மற்றொரு சுருள் உணரும். உணர்ந்ததைக் கருவி இருவகையாற் கூறும்: திரையில் இலக்கமாகவும், ஸ்பீக்கரில் ஒலியாகவும். இடுப்பளவு நீரில் தேடுவோர்க்குத் திரை அடிக்கடி நீரில் மூழ்கிவிடும். ஆதலின் அவர் நம்பியிருப்பது ஒலியையே.

இவ்வொலி வழி புதிதன்று. 1881 ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதி காஃபீல்ட் சுடப்பட்டபோது, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் அவர் உடலில் தங்கிய குண்டைத் தேட இத்தகைய கருவியொன்றை அமைத்தார். அதன் ஒலியைக் கேட்கத் தொலைபேசியின் செவிக்கருவியையே பயன்படுத்தினார். குண்டு அகப்படவில்லை. கட்டிலின் உருக்குக் கம்பிகள் இடையூறு செய்தன என்பர். அன்றியும், குண்டு வலப்புறத்தில் உள்ளதெனத் தலைமை வைத்தியர் நம்பியதால் அப்புறமே சோதிக்கப்பட்டது. சனாதிபதி இறந்தபின் உடலைச் சோதித்தபோது குண்டு இடப்புறத்திற் காணப்பட்டது. ஒலி எழாமைக்குக் காரணம் பொருள் இன்மை ஒன்றே அன்று என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

அத்தான் ஒரு மணி நேரத்திற்கு மேல் தேடினார். முதலில் புட்டி மூடிகளும் ஒரு தூண்டில் ஈயமும் ஒலி எழுப்பி வெளிவந்தன. பின்னர் ஒன்றும் இல்லை. பொழுது சாயும் வேளையில் கருவியை உயர்த்தி ஓரிரு பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். கிணற்றினுள்ளிருந்து யாரோ முனகுவது போன்ற மெல்லிய ஒலியே எழுந்தது.

“தம்பி, மெசின் செத்துப்போச்சு. எண்டாலும் இந்தப் பக்கம் முழுக்கப் பாத்தாச்சு; மோதிரம் இங்க இல்லை” என்றார்.

“அத்தான், குரல் எப்போது அடைத்தது என்று தெரியுமா?” என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். “தெரியாது” என்றார். அந்த ஒரு விடை ‘இங்க இல்லை’ என்ற தீர்ப்பை அடியோடு சாய்த்துவிட்டது. ஒலி கேளாத கருவியாற் கடந்த இடம் தேடிய இடம் ஆகாது. அது விளக்கணைந்த அறை.

பொறியியல் கற்றவராகிய அத்தான் அதன்பின் செய்தவற்றை வரிசையாகக் கூறுவது பிறர்க்கும் பயன்படும். முதலில் கருவிக்குப் பழுதா, அதன் குரலுக்கு மட்டும் பழுதா என்று பார்த்தார். இரண்டு டொலர் நாணயமொன்றை மணலில் இட்டு வளையத்தை மேலே செலுத்தினார். திரையில் இலக்கம் உடனே தோன்றியது. ஒலி மட்டும் முனகியது. எனவே உணர்வு கெடவில்லை. அடுத்து ஒலியளவு குறைக்கப்பட்டுள்ளதா என்று நோக்கினார், இல்லை. பின்னர் காரிலே வைத்திருந்த கம்பியில்லா ஹெட்போனை எடுத்து இணைத்துக் கேட்டார். ஒலி தெளிவாக ஒலித்தது. ஆகவே உள்ளே ஒலியை ஆக்கும் சுற்றும் நன்றாகவே இருந்தது. எஞ்சியது ஸ்பீக்கர் ஒன்றே. ஹெட்போன் இணைந்திருக்கும்போது ஸ்பீக்கர் பேசாதிருப்பதும் பல கருவிகளில் இயல்பு. அதனைப் பழுதென மயங்குவாரும் உண்டு.

ஸ்பீக்கரின் குரல் கம்மியது ஏன்? நீர் புகாத கருவி என்றால் அதன் உட்பெட்டிக்குள் நீர் புகாது என்பதே பொருள். ஒலி வெளிவரும் சல்லடைத் துளைகளுக்கும் அதன் பின்னுள்ள மென்சவ்வுக்கும் இடையே நீர் செல்லத்தான் செய்யும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் இரவைப் பசையை அப்பினால் ஒலி தாழ்வதை நாம் அறிவோம். சவ்வின்மீது தங்கிய நீரும் அவ்வாறே பாரமாகி அதன் அதிர்வைத் தடுக்கும். சிறு துளைகளில் நீரானது படலமாகப் பற்றிக்கொண்டு எளிதில் வடியாது. நுண்மணலும், காய்ந்த பின் படியும் உப்பும் அதற்குத் துணைபோகும். இன்னுமொரு காரணமும் உண்டு. கோடை வெயிலிற் காரினுள் கிடந்து சூடேறிய கருவியைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால், பெட்டியினுள் அடைபட்ட காற்றின் அழுத்தம் குறையும். வெளி அழுத்தம் சவ்வை உள்நோக்கித் தள்ளும். இறுகிய சவ்வு நன்றாக அதிராது. இது பழுதன்று, அழுத்தம் சமன்படக் காலம் வேண்டும், அவ்வளவே.

அருகில் நின்ற இளைஞர் ஒருவர் துளைகளை ஊசியாற் குத்தி நீரை வெளியேற்றலாம் என்றார். அத்தான் கருவியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஊசி சவ்வைக் கிழித்தால் நீர் புகாத கருவி அன்றோடு நீர் புகும் கருவியாகிவிடும். கூந்தல் உலர்த்தும் கருவியின் வெங்காற்றும், விசையோடு பீறிடும் காற்றும் நீரும் அத்தகைய கேட்டையே செய்யும். அரிசியுள் புதைப்பதாலும் பயனில்லை. அரிசித் தூள் துளைகளில் அடைவதே மிச்சம். பெட்டியைத் திருகாணி கழற்றித் திறத்தலும் ஆகாது. நீரைத் தடுக்கும் றப்பர் வளையம் இடம் பெயர்ந்தால் மீண்டும் சரியாகப் பொருந்துவது அரிது.

வீட்டிற்கு வந்ததும், திரைக்கண்ணாடியின் உட்புறத்தில் நீராவி படிந்துள்ளதா என்று விளக்கொளியிற் பார்த்தார். படிந்திருந்தால் நீர் உள்ளே புகுந்துவிட்டதென்று பொருள். உடனே கருவியை நிறுத்தி, மின்னேற்றாது, திருத்துவோரிடம் ஒப்படைக்க வேண்டும். நற்பேறாக அவ்வாறு இல்லை. மூடிகள் இறுகியுள்ளனவா என நோக்கியபின், நன்னீர் நிறைந்த வாளியில் கருவியை மெல்ல அசைத்து உப்பையும் மணலையும் கரைத்தார். சல்லடைப் பக்கம் கீழ்நோக்க மெதுவாக உதறினார். மென்துணியால் ஒற்றி, அந்நிலையிலேயே நிழலில் மின்விசிறிக் காற்றுப்பட வைத்துவிட்டு உறங்கச் சென்றார். மறுநாள் உலர்ந்த பின்னும் குரல் கம்மியே இருந்து, ஹெட்போனில் மட்டும் தெளிவாகக் கேட்டிருந்தால், சவ்வு கெட்டதெனக் கொண்டு ஸ்பீக்கரை மாற்றக் கொடுத்திருப்பார்.

காலையில் நாணயத்தை வளையத்தின்முன் காட்டினார். தமக்கையார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்குமளவிற்குக் கருவி உரத்து ஒலித்தது.

அன்று முதல்நாள் ‘முழுக்கப் பார்த்த’ பகுதியையே மீண்டும் தேடினோம். ஸ்பீக்கர் நனையும்போதெல்லாம் அத்தான் கரையேறி, அதனைக் கீழ்நோக்கி உதறி, நாணயத்தாற் சோதித்த பின்னரே தொடர்ந்தார். இரண்டாம் மணியளவு கடந்தபோது, முழங்காலளவு நீரில், ஒரு சாண் ஆழ மணலின்கீழ் மோதிரம் இருந்தது. மூதாட்டியார் அதனை வாங்கி விரலில் இட்டுக்கொண்டு, அப்போதுதான் பேசத் தொடங்கினார். கணவரின் பெயரைச் சொன்னார். மணம் நடந்த கோயிலைச் சொன்னார். நண்பகல் வரை சொல்லிக்கொண்டேயிருந்தார்.

கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கருவியின் கதை எதற்கென்று கேட்போர் இருக்கலாம். ஆண்டுதோறும் நம் வகுப்புகளிலே வினாவிற்கு விடை கூறாத மாணவர் சிலர் அமர்ந்திருக்கின்றனர். ‘இவனிடம் ஒன்றும் இல்லை’ என்று கூறுவது எளிது. வாய்க்கு விடை கூறாதவன் தாளில் எழுதுகின்றானா? வகுப்பில் எழும்பாத குரல் தோழரிடையே எழும்புகின்றதா? வீட்டில் நேர்ந்த துயர் எதுவும் நெஞ்சில் நீராய்த் தேங்கி நிற்கின்றதா? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே அவனது மௌனத்திற்குப் பொருள் கூறும் உரிமை ஆசிரியர்க்கு வரும். ஊசியாற் குத்துவது போன்ற சொற்களால் அம்மௌனத்தை உடைக்க முயல்வோர் உள்ளிருக்கும் சவ்வைக் கிழித்துவிடுவர். பொறுமையோடு காற்றும் நிழலும் தந்து காத்திருத்தல் சோம்பலன்று. அதுவும் கற்பித்தலின் ஒரு பகுதியே.

ஆராய்ந்து கூறும் ‘இல்லை’ அறிவு. ஆராயாது கூறும் ‘இல்லை’ இன்னொருவரின் மோதிரத்தைக் கடலிலேயே விட்டுவிடும். மாணவச் செல்வர்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும் இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிவாராயின், நம் கல்லூரி அவர்களுக்கு அளித்த கல்வி வீண்போகாது.