பன்னிரண்டரைச் சுற்று

கல்முனைக் கரையோரத்தில் நெடுந்தூரம் ஓட விரும்பும் பையனுக்கு இடம் குறைவு. கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டைகள், நடுவே மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஆகவே அவன் சுபஹ் தொழுகை முடிந்த கையோடு, அலை நனைத்து இறுக்கிய ஈரமணலில் ஓடுகிறான். கரைவலை இழுப்போர் கயிற்றைச் சற்றே தாழ்த்தி அவனுக்கு வழி விடுகின்றனர்.

எமது மாணவன் ஒருவனைப் பற்றியே சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவனைப் போன்றவர் பலர். (மாணவியரின் நிலையோ இதனினும் இறுக்கமானது, அதைத் தனியே எழுத வேண்டும்.) ஒன்பதாம் வகுப்பில் இல்ல விளையாட்டுப் போட்டியின் 1500 மீற்றரில், முதற் சுற்றையே உயிர் போவதுபோல் ஓடி, நாலாம் சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். இன்று 5000 மீற்றரை ஒரே சீராக ஓடுகிறான். முறையான ஓடுபாதையில் அது பன்னிரண்டரைச் சுற்று. எமது பாடசாலைப் புல்வெளியில் சுண்ணாம்புக் கோடிட்ட 200 மீற்றர் வட்டத்தில் இருபத்தைந்து. ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் வைத்து ஓடப் பழகுவதற்கு அவனுக்கு மூன்று ஆண்டுகள் சென்றன. தன்னை அடக்கிக்கொள்வது பதினைந்து வயதுக்கு இலக்கணத்தைவிடக் கடினமான பாடம். இலக்கணம் கற்பிக்கும் நாமே இதைச் சொல்கிறோம்!

குறுந்தூர ஓட்டக்காரன் இளமையிலேயே பளிச்சிடலாம். நெடுந்தூர ஓட்டம் அப்படியன்று. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்ப இதயம் பழக வேண்டும். கால் நரம்பும் எலும்பும் மெல்ல மெல்ல வலுக்க வேண்டும். 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றரை வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் பில்லி மில்ஸுக்கு அப்போது வயது 26. எமது பிள்ளைகளோ, வளர்ச்சி தொடங்கும் பதினெட்டிலேயே ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றனர். காரணம் க.பொ.த. உயர்தரப் பரீட்சை. பாடசாலை விட்டதும் டியூசன். டியூசன் முடிய இருட்டு.

அதே தோக்கியோப் பந்தயத்தில் எமது நாட்டவர் ஒருவரும் ஓடினார். மற்றவர் யாவரும் முடித்த பின்னரும் கருணானந்த என்னும் அந்த இலங்கையர் தனியாகவே சுற்றிச் சுற்றி ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தார். முதலில் நகைத்த கூட்டம் முடிவில் எழுந்து கைதட்டியது. ஜப்பானியப் பாடநூலிலும் அவர் கதை இடம்பெற்றது. அவர் ஒரு படைவீரர் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மலையகத் தோட்டப் பகுதியிலிருந்து வந்து, 10,000 மீற்றரில் நாட்டின் முதலிடத்தைப் பிடித்த குமார் சண்முகேஸ்வரனும் இராணுவ அணிக்காகவே ஓடினார். சோறும் சப்பாத்தும் சம்பளமும் பயிற்சியாளரும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுவாக இருந்தது. அவர்களைக் குறை கூற எவருக்கு உரிமை? ஆனால் ஓடுகிறவனுக்குச் சீருடை ஒன்றுதான் வழி என்று ஒரு நாடு வைத்திருக்கலாமா?

வேறு வழி உண்டென்பதற்கு ஓட்டக்காரர் அல்லாத ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கலாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 இல் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொணர்ந்தவர். அவர் லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பாய்ந்தார். பின்னர் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அங்கே மைதானமும் நூலகமும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை.

எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும், விளையாட்டு முதலியவற்றில் சிறந்தோருக்கென விசேட அனுமதி ஒன்றை வைத்திருக்கிறது. உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதியும் வேண்டும். தேசிய மட்டச் சாதனையும் வேண்டும். இங்கேதான் எமது வழக்கு. பரீட்சையில் எமது வறுமையை அரசு கணக்கில் எடுக்கிறது: பல துறைகளில் 5 சதவீத இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கு உரியவை, அம்பாறை அவற்றுள் ஒன்று. சுகததாஸ அரங்கின் கடிகாரமோ எல்லா மாவட்டத்தாருக்கும் ஒன்றே. இரவு முழுதும் பஸ்ஸில் இருந்து சென்று, அங்கேதான் முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் காலை வைத்தான் எமது மாணவன். தளம் காலை உதைத்துத் தள்ளுகிறதென்று வியந்தான். எட்டாவதாக வந்தான். எட்டாமிடத்துக்கு எந்த வாசலும் திறப்பதில்லை.

அவன் வாப்பா தறியில் உட்காரும் நெசவாளி. சென்ற மாதம் பாடசாலைக்கு வந்தார்.

"சேர், இவன் ஓடினா கெம்பஸ் கிடைக்குமா? கிடைக்கும் எண்டு எழுதித் தருவீங்களா?"

எழுதித் தர இயலாது என்றோம். படித்தாலும் கிடைக்குமென்று எவரும் எழுதித் தருவதில்லையே என்றும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, டியூசன் இல்லாத வெள்ளியும் ஞாயிறும் காலையில் மட்டும் ஓடட்டும் என்றார். புதுச் சப்பாத்துக்குத் தறியில் இருக்கும் சாறத்தை விற்ற பின் பார்க்கலாமென்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.