ஆதிரையும் என் பேத்தியும்

ஆதிரை நாண்மீனைத் தில்லைக் கூத்தப்பெருமானுக்கு உரியதெனப் போற்றும் நம்மவருள், அதனை வானத்தில் இஃதெனச் சுட்டவல்லார் மிகச் சிலரே. மார்கழியில் களி உண்பார் பலர். உண்டபின் அண்ணாந்து நோக்குவாரைக் காண்டல் அரிது. என் தந்தையார் எனக்கு ஏழாம் வயதில் அதனைக் காட்டினார். அவ் வழக்கத்தை என் பேத்தியிடத்தும் தொடரல் வேண்டுமென்னும் ஆசை எனக்கு உண்டாயிற்று.

பாடம் எளியதே. மாசித் திங்கள் முன்னிரவில் தலைக்குமேல் நோக்கின், மூன்று மீன்கள் ஒரு வரிசையாய் நெருங்கி நிற்கும். அவற்றின் வடபால் இரு மீன்கள் தோள்கள்போல் விளங்கும். மேனாட்டார் இத் தொகுதியை வேட்டுவன் என்ப. கீழ்த்திசைத் தோள் செந்நிறத்தது, அதுவே ஆதிரை. மற்றைத் தோளினும் அஃது இருமடங்கிற்கு மேற்பட்ட ஒளியுடையது. வடமேற்கே செல்லின் உரோகிணி, அதற்கப்பால் கார்த்திகை. கார்த்திகை என் கண்ணுக்கு இப்போது சிறு வெண்புகையாகவே தோன்றும். பேத்தியோ ஆறும் எண்ணி, ஏழாவதும் உண்டென்று வழக்காடுவாள். அதன் ஒளி நம்மை எய்த ஏறத்தாழ 440 ஆண்டு செல்லும் என்றேன். "அவ்வளவு பழைய வெளிச்சம் கெட்டுப் போகாதா, தாத்தா?" என்றாள். இதற்கு யான் விடை கூறிற்றிலேன்.

2020ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் ஓரிரவு. "செந்தோளின் ஒளி மிகுதியைப் பார், அம்மா" என்றேன். "இரண்டும் ஒன்றுபோல்தானே இருக்கின்றன" என்றாள். மீண்டும் பார்க்கச் சொன்னேன். மும்முறை பார்த்தும் அதனையே கூறினாள். "பாராமற் பேசுதல் தகாது" என்று கடிந்தேன். ஆறு வயதுக் குழந்தை. ஒன்றும் பேசாது படியிறங்கிச் சென்றாள். அடுத்த நான்கு இரவும் மாடிக்கு வந்திலள். யான் அழைக்கவும் இல்லை.

ஐந்தாம் நாள் செய்தித்தாளில் ஒரு குறிப்புக் கண்டேன். 2019ஆம் ஆண்டின் இறுதி தொட்டு ஆதிரை மங்கி வருகின்றதென்றும், அதன் ஒளி வழக்கமானதில் மூன்றிலொரு பங்களவாகக் குறைந்ததென்றும் அதில் இருந்தது. அம் மீன் வெளியிட்ட வளி குளிர்ந்து தூசியாகி அதனை மறைத்ததென்னும் விளக்கம் 2021இல் வெளிவந்தது. அன்று எனக்கு அக் காரணம் வேண்டியிருந்ததில்லை. குழந்தை கண்டது மெய். யான் கண்டது என் தந்தையார் சொல். என் கண்களிற் புரை படர்ந்திருந்ததை யான் எவர்க்கும் சொல்லாதிருந்தேன்.

அவளிடம் சென்று, "நீ சொன்னதே சரி, தாத்தாவுக்கு அது தெரியவில்லை" என்றேன். "கண் தெரியவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். நியாயமான கேள்வி. அன்றிரவு என் விரலைப் பற்றிக்கொண்டு அவளே படியேற்றினாள்.

அதன்பின் நாள்தோறும் அவள் பார்த்துச் சொல்ல, யான் குறிப்பேட்டில் எழுதினேன். ஏப்பிரலில், வேட்டுவன் மேற்கே சாய்ந்த ஒரு மாலையில், "பழையபடி பெரிதாகிவிட்டது, தாத்தா" என்றாள். எழுதிக்கொண்டேன். அவ் வேடு இன்றும் என்னிடம் உளது. கண்டவர் என்னுமிடத்தில் அவள் பெயர். எழுதியவர் என்னுமிடத்தில் என் பெயர்.