நீலமலரும் நீல ஆடைத் துறவியும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மார்ச் இறுதி தொடங்கி ஏப்ரல் வரை, நெடுஞ்சாலை ஓரங்களும் மேய்ச்சல் வெளிகளும் நீலம் போர்த்திக் கிடக்கும். புளூபானெட் என்னும் காட்டுமலரின் பருவம் அது. வெயிலை மறைக்க அந்நாட்டு உழவர் வீட்டுப் பெண்கள் முற்காலத்தில் அணிந்த துணிக் குல்லாயை ஒத்திருப்பதால் இப்பெயர். தாவரவியலார் வழங்கும் பெயரோ லூப்பினஸ். குருமடத்தில் சிறிது லத்தீன் கற்ற நமக்கு, அதனுள் ஓநாய் ஒளிந்திருப்பது உடனே புலப்படும். மென்மையான மலருக்கு ஏன் இந்தப் பழி?

மண்ணின் வளத்தை இச்செடி ஓநாயைப் போல் கவர்ந்துண்ணும் என்று பண்டையோர் எண்ணினர் என்பர். உண்மை நேர்மாறானது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, தன் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. வறண்ட நிலத்தில் அது நிற்கக் கண்டவர்கள், வறட்சிக்கே அதனைக் காரணமாக்கிவிட்டனர். ஏழையின் அருகில் நிற்பவனை ஐயுறும் வழக்கம் செடிகொடிகளையும் விட்டுவைக்கவில்லை போலும்!

மாநில மலர் எது என்ற கேள்வி 1901-இல் சட்டமன்றத்தில் எழுந்தபோது, பருத்தியும் கள்ளியும் போட்டிக்கு நின்றன. மகளிர் அமைப்பொன்று ஆதரித்த நீலமலரே வென்றது. ஆனால் சட்டத்தில் எழுதப்பட்டதோ மணற்பாங்கில் வளரும் ஓர் இனம். மக்கள் கண்டு களித்த செழிப்பான இனம் வேறு. அனைத்து இனங்களையும் சட்டம் ஏற்க 1971 ஆயிற்று.

கொமாஞ்சிப் பழங்குடியினருடையது எனச் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. பஞ்சம் நீங்க, மிக அரிய உடைமையைப் பலியிட வேண்டும் என்றாயிற்று. பெற்றோரை இழந்த சிறுமி, அவர்கள் விட்டுச்சென்ற ஒரே பொருளாகிய பொம்மையை இரவில் எரித்துச் சாம்பலைத் தூவினாள். விடிந்ததும் அங்கெல்லாம் நீலமலர்கள். பின்னர் மழையும் வந்தது.

நம் உள்ளத்தை நெருங்கித் தொடுவது மற்றொரு கதை. ஸ்பெயின் நாட்டின் ஆக்ரெடா என்னும் ஊரில், வெண்ணிற உடையும் நீல மேலாடையும் அணியும் கன்னியர் மடத்தில் மரியா (1602–1665) என்ற துறவி வாழ்ந்தார். அவர் கடல் கடந்ததேயில்லை. ஆயினும் 1629-இல் ஹுமானோ இனத்தவர் நியூ மெக்சிகோவின் இஸ்லேட்டா மறைத்தளத்திற்கு வந்து குருக்களை அனுப்ப வேண்டினர்; நீல ஆடைப் பெண்மணி ஒருவர் தங்களிடம் வந்து போதித்ததாகக் கூறினர். அவர் இறுதியாக விடைபெற்ற மறுநாள், அவரது மேலாடையின் நிறத்தில் மலர்கள் விரிந்தன என்கிறது நாட்டுப்புறக் கதை.

பிரான்சிஸ்கன் துறவி அலோன்சோ தே பெனவிதெஸ் 1631-இல் ஆக்ரெடாவுக்கே சென்று மரியாவைச் சந்தித்தார். 1650-இல் திருச்சபையின் விசாரணை மன்றமும் அவரை வினவியது. தாம் உடலோடு அங்குச் சென்றதாக அவர் உறுதி கூறவில்லை. தம்மைப் பற்றித் துறவியர் எழுதியவற்றில் மிகைப்படுத்தல் உண்டு என்றார். 1673-இல் திருச்சபை அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தது. மலர் விரிந்த அதிசயத்தைவிட அவருடைய மறுமொழியே நமக்கு வியப்பளிக்கிறது. தம் புகழைத் தாமே குறைத்துக்கொண்டவர்மீது மக்கள் மேலும் ஓர் அற்புதத்தைச் சூட்டினர். மறையுரையில் கதை சொல்லி இறைமக்களின் செவியை ஈர்க்கும் நமக்கு இது சற்றே உறுத்துகிறது.

இம்மலரைப் பறித்தால் தண்டனை உண்டு என்று டெக்சாஸில் பலர் இன்றும் நம்புகின்றனர். அதற்கெனத் தனிச் சட்டம் ஏதுமில்லை. எனினும் பறியாதிருப்பதே நன்று. பறித்த பூ விதையாவதில்லை. விதையின் தோல் மிகக் கடினமானது. சில விதைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து, ஏற்ற மழை பெய்யும் ஓர் இலையுதிர் காலத்தில்தான் முளைக்கின்றன.