பாலும் நெய்யும் இல்லாத பந்தி

சைவ உணவு என்று நம்மவர் கூறும்பொழுது புலால் கலவாத உணவு என்பதே கருத்து. பாலும் தயிரும் நெய்யும் கேளாமலே அதனுள் இடம்பெற்று விடுகின்றன. பருப்புக்கு நெய், சோற்றின் முடிவில் மோர், காலையும் மாலையும் காபி. இவற்றை நீக்கினால் இலையில் எஞ்சுவது யாது என்று சில ஆண்டுகளுக்கு முன் எங்களை எவரேனும் வினவியிருந்தால், உப்பும் ஊறுகாயும் என்றே விடை கூறியிருப்போம்.

2019ஆம் ஆண்டில் எங்கள் இளைய மகனுக்கு வயது நான்கு. பால் கலந்த பண்டம் எதை உண்டாலும் அவனுக்கு உடலெங்கும் தடித்துவிடும். ஓர் இரவு மூச்சுத் திணறவே, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாலிலுள்ள புரதம் அவன் உடலுக்கு ஒவ்வாது, நெய்யும் ஒரு துளிகூட ஆகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அவனுக்கெனத் தனிப் பாத்திரமும் தனிச் சமையலுமாக மூன்று வாரங்கள் கழிந்தன. நாங்கள் உண்ணும்போது அவன் சற்றுத் தள்ளி அமர்ந்து, பிறர் இலையில் மோர் வார்ப்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். எழுபது வயதைக் கடந்த எங்கள் தாயார் தயிரின்றி ஒரு வேளையும் உண்டறியாதவர். ஒரு நாள் பாதிச் சோற்றில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். "புள்ள பாத்துக்கிட்டு இருக்கையில என் எலையில மோரா? இனிமே இந்த வீட்டுக்குப் பாலே வேண்டாம்" என்றார். மறுநாள் முதல் பால்காரர் வரவில்லை.

முதல் மாதம் எளிதாக இல்லை. பிறகுதான் எங்கள் திருநெல்வேலிச் சமையலே துணைக்கு வந்தது. மணவிழாவுக்கு மறுநாள் விருந்தில் வைக்கும் சொதியை எண்ணிப் பாருங்கள். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறிகள், இஞ்சி, எலுமிச்சை. பசும்பாலுக்கு அங்கு வேலையே இல்லை. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் அத்தகையனவே. விருந்தென்று போற்றிய உணவுகளிலேயே பால் இல்லை என்பதை அதுவரை நாங்கள் கவனித்ததில்லை.

மோருக்கு மாற்றாக நிலக்கடலையை இரவில் ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துப் பிழிந்த பாலை, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, வெதுவெதுப்பான பதத்தில் மிளகாய்க் காம்புகளை இட்டு மூடி வைக்கிறோம். பத்து மணி நேரத்தில் உறைகிறது. கடலை வாடை சிறிது உண்டு. இஞ்சியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் அடங்கும். மோர்க்குழம்புக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆயினும் எங்கள் தாயார், "இதுக்கு மோருன்னு பேரு வைக்காதீங்க, வேற எதாவது சொல்லுங்க" என்கிறார். காபியில் நாங்கள் வென்றோம் என்று சொல்வதற்கில்லை. தாயார் சுக்கு மல்லிக்கு மாறிவிட்டார். எங்களுள் ஒருவர் அலுவலகத்தின் அருகிலுள்ள கடையில் குடித்துவிட்டு வருகிறார்; அதுபற்றி வீட்டில் எவரும் கேட்பதில்லை.

நாங்கள் வாழ்வது கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்கு நடந்து செல்லும் தொலைவில். தமிழ்க் குடும்பங்கள் நெடுநாளாக வாழும் பகுதியாதலின் முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் குறைவில்லை. ஆனால் எங்களுக்கு வாய்த்த பெருந்துணை அடுத்த வீட்டு மூதாட்டி. மாசிமா என்று அழைக்கிறோம். வங்காளியில் தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல். சிறுவனின் நிலையை அறிந்தவர், மறுநாளே எங்கள் அடுக்களைக்கு வந்து, அரிவாள்மணை எங்கே என்று கேட்டார்.

வாழைப்பூவை நாம் பொரியலும் உசிலியும் வடையும் செய்வோம். அவரோ கள்ளன் நீக்கிப் பொடியாக அரிந்த பூவை மஞ்சள் நீரில் ஊறவைத்து, வேகவைத்துப் பிழிந்து, உருளைக்கிழங்கும் தேங்காயும் சீரகமும் இஞ்சியும் சேர்த்துச் சுருளச் சுருளக் கிளறினார். அரை மணி நேரம் அடுப்பை விட்டு அகலவில்லை. சோற்றுடன் பிசைந்து உண்ட எங்கள் மகன் முதன்முறையாக நெய் எங்கே என்று கேட்கவில்லை. கடலைப்பருப்பை அரைத்துக் கிளறி, வில்லைகளாக்கிப் பொரித்துக் குழம்பில் இடும் பண்டத்துக்குத் தோக்கார் டால்னா என்று பெயர். 'தோக்கா' என்றால் ஏமாற்று. நம் பருப்புருண்டைக் குழம்புக்கு நெருங்கிய உறவு. பலாப்பிஞ்சை அவர்கள் 'மரத்து ஆடு' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். சுரைக்காயின் தோலைக்கூட எறியவிடார். மெல்லிய கீற்றுகளாக அரிந்து கசகசாவோடு வதக்குவார். கசகசாவின் இன்றைய விலையைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும். நாங்கள் பாதிக்கு எள் சேர்த்துக்கொள்கிறோம்.

வெங்காயமும் பூண்டும் இன்றி இத்தனை மணம் எவ்வாறு வருகிறது என்று வியந்தோம். வெந்தயம், கருஞ்சீரகம், சீரகம், பெருஞ்சீரகம், கடுகு ஆகிய ஐந்தையும் முழுதாகத் தாளிப்பதும், ஒவ்வொரு காயையும் தனித்தனியே வதக்கிப் பிறகே ஒன்று சேர்ப்பதுமே அதன் நுட்பம். பாகற்காய் சேர்ந்த சுக்தோ என்னும் கசப்புக் கூட்டில் சிலர் இறுதியில் பால் விடுவர்; எங்களுக்காக அவர் தேங்காய்ப்பால் விட்டார்.

உடல்நலம் பற்றி ஒரு சொல். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் ஏறத்தாழ 120. எள்ளில் இவ்விரண்டினும் மிகுதி. ஆனால் வைட்டமின் பி12 தாவர உணவில் போதிய அளவில் கிடைப்பதில்லை. அதனை மருத்துவர் குறித்த மாத்திரையாகவே அனைவரும் உட்கொள்கிறோம். இதில் பிடிவாதம் ஆகாது.

சமையற்குறிப்போடு நிறுத்தியிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. இந்தச் சமையல் எங்கிருந்து வந்தது என்று மாசிமாவிடம் ஒரு நாள் கேட்டோம். 1965இல், இருபத்திரண்டு வயதில், அவர் கணவரை இழந்தார். அன்று முதல் மீன் இல்லை. வெங்காயம், பூண்டு, மைசூர்ப்பருப்பு இல்லை. நாளுக்கு ஒரு வேளையே சோறு. ஏகாதசியன்று நீரும் இல்லை. கைம்பெண்களின் மறுமணத்துக்குச் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. அடுக்களைக்குள் அது நுழையவில்லை. "ஒரு வேளைச் சோறு. அதையாவது வாயில் வைக்கும்படி செய்யவேண்டாமா?" என்றார். வங்காளத்தின் புலாலில்லாச் சமையலில் பெரும்பகுதி இத்தகைய பெண்களின் கைவண்ணம்.

வங்காளிகளைக் குறைகூற நமக்கு வாயில்லை. புறநானூற்றின் 246ஆம் பாட்டில், பூதப்பாண்டியனை இழந்த பெருங்கோப்பெண்டு, நெய் தீண்டாத சோற்றுத் திரளையும் வெள்ளெள் துவையலையும் புளியிட்டு வேவித்த வேளைக்கீரையையும் உண்டு, பாயுமின்றிப் பருக்கைக் கற்கள்மேல் கிடக்கும் பெண்டிருள் தாம் ஒருத்தி அல்லர் என்று கூறித் தீப்புக முனைகிறாள். எங்கள் ஊர் எள்ளுத் துவையலை இப்போது அரைக்கும்போதெல்லாம் இது நினைவில் வருகிறது. நாங்கள் நெய்யை விட்டது ஒரு குழந்தைக்காக, எங்கள் விருப்பத்தால். அவர்களை எவரும் விருப்பம் கேட்கவில்லை.

சென்ற பொங்கலன்று மாசிமாவை உணவுக்கு அழைத்திருந்தோம். அவருக்கென வெங்காயமும் பூண்டும் இல்லாத சொதியைத் தனியே வைத்திருந்தோம். எங்கள் மகனின் அருகில் அமர்ந்தவர், இரண்டு பாத்திரங்கள் எதற்கு என்று கேட்டார். கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, சிறுவனின் இலையைச் சுட்டி, அவனுக்கு ஊற்றியதிலிருந்தே தமக்கும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார். உண்டு பார்த்து, உப்பு சற்றுக் குறைவு என்றார். பிறகு மறுமுறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.