ஆடாத பிடி

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர்போன ஊர். பழைய லாரிகளின் வில்பட்டையை வாங்கி வந்து துண்டு போட்டு, உலையில் பழுக்கவைத்து, சம்மட்டியால் தட்டி அலகாக்கும் பட்டறைகள் இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. ஊரைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் அந்த அலகைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் போனது பிடியைப் பார்க்க.

நான் போன பட்டறையின் ஒரு பக்கம் புது அரிவாள்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. மறுபக்கம் ரிப்பேருக்கு வந்தவை குவிந்து கிடந்தன. பிடி ஆடும் அரிவாள், கழன்ற மண்வெட்டி, பூண் விழுந்த கதிர் அரிவாள், காம்பு முறிந்த கோடாலி. இவற்றைக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும்தான். புதுசு வாங்க யோசிப்பவர்கள். இருக்கிற கருவி நாளைக் காலைக்குள் சரியாகியே தீரவேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர்கள்.

பிடி ஏன் ஆடுகிறது? மரத்தின் இயல்பில் அதற்குப் பாதி விடை இருக்கிறது. பச்சை மரம் காயும்போது ஈரம் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் அந்தச் சுருக்கம் கண்ணுக்கே தெரியாது. குறுக்குவாட்டில்தான் தெரியும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், ஆரத் திசையைவிடச் சுமார் இரண்டு மடங்கு. அதனால் வட்டமாகக் கடைந்த பச்சைப் பிடி காய்ந்தபின் லேசாக முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அலகின் பின்னால் நீளும் வாலும் வெளியே இருக்கும் பூணும் இரும்பு, அவை சுருங்காது. இடைவெளி அங்கே பிறக்கிறது. ஒவ்வொரு வெட்டின் அதிர்வும் அந்த இடைவெளியை அகட்டுகிறது. வியர்வையும் மழையும் உள்ளே இறங்கி வாலைத் துருப்பிடிக்க வைக்கின்றன. பட்டறைக்காரர் ஒரு பிடியை உருவிக் காட்டினார். தொளைக்குள் மை பூசியதுபோல் கறுப்பு. கருவேல மரத்தில் இருக்கும் துவர்ப்பு ஈர இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும்.

ஒரு ஆத்தா மண்வெட்டியோடு வந்திருந்தார். ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தாராம்.

"ஊறப்போட்டா இறுகும்னு சொன்னாக. காலைல நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானத்துல மறுபடி கழண்டு போச்சுப்பா."

"அப்படித்தான் ஆகும் ஆத்தா. தண்ணில போட்டா மரம் உப்பும். இரும்பு விட்டுக்கொடுக்காது. உப்புன மரம் உள்ளேயே நசுங்கிப்போகும். காஞ்சா முன்னவிட ஆடும்."

மரவியல் சொல்வதும் இதையேதான். இரும்பு வளையத்துக்குள் அடைபட்ட மரம் விரிய இடமில்லாமல் தன் நார்களையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் முன்பிருந்த அளவுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறை ஊறப்போடும்போதும் பிடியின் ஆயுள் குறைகிறது. புத்தகம் திறக்காமல், நூற்றுக்கணக்கான பிடிகளை உருவிப் பார்த்தே இதைத் தெரிந்துகொண்டிருக்கிறார் பட்டறைக்காரர்.

அரிவாளுக்குப் பிடி இறுக்கும் வேலையை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் வாலில் உள்ள துருவை அரத்தால் ராவி எடுக்கிறார். பிறகு அதன் விளிம்புகளில் உளியால் சின்னச் சின்ன வெட்டுகள் போடுகிறார். வழவழப்பான வால் எதையும் பற்றாது. இந்த வெட்டுகள்தான் பற்றும். புதுப் பிடியாக இருந்தால் வாலைவிடக் கொஞ்சம் குறுகலாகத் தொளை போட்டு, வாலைச் சூடாக்கி உள்ளே செலுத்துகிறார். மரம் பொசுங்கி, வாலின் வடிவத்துக்கே வழிவிடுகிறது. அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். இவர் வாலை வெளியே இழுத்து, தொளைக்குள் இருக்கும் கரியைச் சுரண்டி உதறுகிறார். கரி நின்றால் நாளடைவில் தூளாகிவிடும், அங்கிருந்தே ஆட்டம் தொடங்கும்.

அதன்பின் அரக்கு. பொடித்த அரக்கோடு சலித்த செங்கல் பொடியைக் கலந்து தொளையில் கொட்டுகிறார். சூடான வால் உள்ளே போனதும் அரக்கு உருகி, உளிவெட்டுகளிலும் மரத்தின் துவாரங்களிலும் பாய்கிறது. வெறும் அரக்கு அடி தாங்காமல் நொறுங்கும்; செங்கல் பொடிதான் அதற்கு உடம்பு கொடுக்கிறது. நகைத்தொழிலிலும் பொன்னைப் பொருத்தி வேலை செய்ய இந்தக் கலவையே நெடுங்காலமாகப் பயன்படுகிறது. ஒரு கண்ணை மூடி அலகும் பிடியும் ஒரே நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, இறுகும்வரை அசையாமல் பிடித்திருக்கிறார். கடைசியில் பழைய ஜி.ஐ. குழாயிலிருந்து அறுத்த பூணை ஏற்றித் தட்டுகிறார். பூண் அழகுக்காக அல்ல. வெட்டின் விசை முழுதும் பிடியின் வாயில்தான் விழுகிறது. அந்த இடம் பிளக்காமல் காப்பது பூண்.

வாங்குபவர் எல்லாரிடமும் அவர் ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்புகிறார்: அடுப்போரம் வைக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீரின் சூடுகூட வேண்டாம், அதற்கும் கீழேயே அரக்கு இளகிவிடும்.

மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் வேறு கணக்கு. அங்கே காம்புதான் இரும்பின் கண்ணுக்குள் நுழைகிறது. காம்பின் மெல்லிய பக்கத்தை முதலில் செருகி, தடித்த தலை கண்ணில் வந்து உட்காரும்படி இழைத்துவிட்டால், ஓங்கி வீசும் ஒவ்வொரு முறையும் இரும்பு தலைப்பக்கமே நகர்ந்து இறுகிக்கொள்ளும். அந்தச் சரிவு சரியாக அமைந்த காம்புக்கு ஆணியே தேவையில்லை. ஆத்தாவின் மண்வெட்டிக்குப் பழைய காம்பை எடுத்துவிட்டு, காய்ந்த கட்டையில் புதிதாக இழைத்துக் கொடுத்தார். கண்ணுக்குள் சைக்கிள் டியூபைச் சுற்றி அடித்திருந்ததையும் ஆணி நாலைந்தை ஏற்றியிருந்ததையும் பிடுங்கிப்போட வேண்டியிருந்தது. ஆணி அடித்த இடத்தில்தான் காம்பு முறியும் என்றார்.

காம்புக்கு எந்த மரம் என்று கேட்டேன். கருவேலம் முதல் தரம், கிடைப்பது அரிது. சீமைக்கருவேலம் கிடைக்கிறது, ஊரெல்லாம் மண்டிக் கிடக்கிறது. நிலத்தடி நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் அது படுத்தும் பாட்டை இந்த மாவட்டத்து மக்கள் அறிவார்கள். ஆனால் கனமும் உறுதியும் உள்ள அந்தக் கட்டை காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். பிடிக்கு வேண்டிய முதல் குணமே அதுதான். நேரான துண்டு கிடைப்பதுதான் கஷ்டம். கரிமூட்டத்துக்கு வெட்டுகிறவர்கள் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துவைத்து இவரிடம் கொடுக்கிறார்கள். நிழலில் மாதக்கணக்கில் காயவைத்தபின்தான் அவர் அதைத் தொடுகிறார்.

சம்மட்டி பிடிப்பவர் அவருடைய மனைவி. உலை வேலை முடிந்ததும் பிடிகளைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்குவதும் அவர்தான். சிலும்பு ஒன்று நின்றாலும் கை கிழிந்துவிடும் என்று ஒவ்வொரு பிடியையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். இத்தனை கவனத்துக்கும் கிடைக்கும் கூலி மிகக் குறைவு. "அலகுக்குக் காசு கேட்டா குடுத்துடுறாக சார். பிடிக்குக் கேட்டா, ரெண்டு தட்டு தட்டுனதுக்கா இம்புட்டுங்கிறாக" என்றார்.

அந்த ரெண்டு தட்டில்தான் ஒருவருடைய உயிர் இருக்கிறது. சீமைக்கருவேலங்காட்டில் வரிசையாக நின்று வெட்டும்போது கழன்று பறக்கும் அலகு, பக்கத்தில் நிற்பவரின் காலிலோ கழுத்திலோதான் போய் விழும். ஆடும் பிடியை இறுக்கிப் பிடித்தே வேலை செய்பவரின் உள்ளங்கை கொப்புளித்து, மணிக்கட்டு வீங்கி, மறுநாள் கூலி போகும். விலை குறைந்த கருவிகள் பச்சை மரப் பிடியோடு சந்தைக்கு வருகின்றன. முதல் கோடையிலேயே அவை ஆடத் தொடங்குகின்றன. அந்தச் செலவு, வாங்கிய கூலியாளின் தலையில் விழுகிறது.

நூறு நாள் வேலை நடக்கும் ஒவ்வொரு ஊராட்சியிலும் பருவத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு கொல்லரை உட்காரவைத்து, எல்லார் மண்வெட்டியையும் சரிபார்த்துக் கொடுக்கலாம். பெரிய பணம் தேவைப்படாத காரியம். கொல்லருக்கு நிலையான வேலை, உழைப்பவருக்குக் காயமில்லாத கை. தனியாளாக நாம் செய்யக்கூடியதும் உண்டு. கருவி வாங்கும்போது கூர்மையைப் பார்த்த கையோடு பிடியையும் ஆட்டிப் பார்க்கவேண்டும். அதை இறுக்கிக் கொடுக்கிறவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கவேண்டும்.