கிளார்க்கும் கிளெரிக்கும்

அடுத்த பதிவு ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி என்று போன முறை சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு இன்று வீடியோ கேம் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காதீர்கள். எழுபதைத் தாண்டியவருக்கு இது என்ன வேலை என்று என் மகனே கேட்டாகிவிட்டது.

மனைவி போன பிறகு சாயங்கால வேளைகள்தான் எனக்குக் கஷ்டம். கல்மண்டபம் பக்கம் போய்க் காய்கறி வாங்கி வந்தால் ஆறு மணி. அதற்குப் பிறகு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தமும் டிவி செய்தியும்தான் துணை. கல்லூரியில் படிக்கும் பேரன் ஒரு நாள் ரிமோட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, "தாத்தா, அதே நியூஸை எத்தனை தடவை பாப்பீங்க? வாங்க, நாம ரெண்டு பேரும் விளையாடலாம்" என்றான். கம்ப்யூட்டர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டான்.

விளையாட்டின் பெயர் பால்டர்ஸ் கேட் 3. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் இருக்கும் லேரியன் என்ற கம்பெனி தயாரித்து 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்கிறது. இதன் சட்டதிட்டங்கள் எல்லாம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பழைய விளையாட்டிலிருந்து வந்தவை. அது 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கினார்கள். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. காகிதம், பென்சில், பகடை, நாலு நண்பர்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம். நம் தாயக்கட்டத்தையும் தெருக்கூத்தையும் சேர்த்து வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரன் எனக்காக ஒரு காரியம் செய்தான். "உங்களுக்குத்தான் பிரெஞ்சு நல்லா வருமே தாத்தா" என்று விளையாட்டின் பாஷையைப் பிரெஞ்சுக்கு மாற்றிவிட்டான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு, தமிழ்நாட்டு அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்புகளோடு குப்பை கொட்டியவன் நான். இத்தனை வருஷம் கழித்து அந்தப் பாஷைக்கு ஒரு உபயோகம் வந்தது.

முதலில் என்ன வேடம் என்று தேர்ந்தெடுக்கவேண்டும். பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் 'கிளேர்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "டேய், இது என் உத்தியோகம்டா!" என்றேன்.

பிரெஞ்சில் கிளேர் என்றால் மதகுரு. அதே சொல்லுக்கு எழுத்தர் என்றும் பொருள். பாண்டிச்சேரியில் முன்பெல்லாம் பத்திரம் எழுத நொத்தேரிடம் போவார்கள். அவரிடம் வேலை பார்க்கும் குமாஸ்தாவும் கிளேர்தான். ஆங்கிலத்தில் கிளெரிக், கிளார்க் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, ஆனால் இரண்டும் லத்தீன் மொழியின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. அந்தக் கால ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குருமார்கள்தான். அதனால் கணக்கு எழுதுகிறவருக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் ஜூனியர் அசிஸ்டென்ட், அசிஸ்டென்ட், சூப்பிரண்டு என்று இருந்த எனக்கு, நான் பாதி மதகுரு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கிளெரிக்கையே எடுத்தேன்.

சண்டை போடும் மதகுரு எனக்குப் புதிதல்ல. எங்கள் பிரெஞ்சுப் பாடத்தில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பாயோ நகரத்து ஆயர் ஓதோ. 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமின் தாய்வழிச் சகோதரர். அந்தப் போரை நூலால் தைத்து வைத்த நீளமான திரைச்சீலை ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் ஓதோ கையில் கட்டை ஒன்றை ஓங்கியபடி குதிரைமேல் வருவார். 1974 விளையாட்டில் கிளெரிக் வாள் ஏந்தக்கூடாது, கதை மாதிரி மழுங்கிய ஆயுதம்தான் ஏந்தலாம் என்று விதி இருந்தது. அதற்கும் இந்தப் படத்துக்கும் முடிச்சுப் போடுவார்கள்.

இன்னொருவர் ரொலான் காவியத்தில் வரும் பேராயர் துர்ப்பேன். படுகாயத்தோடு கிடக்கிறார். நண்பன் ரொலான் மயங்கி விழுவதைப் பார்க்கிறார். அவனுடைய ஊதுகொம்பை எடுத்துக்கொண்டு, அருகே ஓடும் ஓடையில் தண்ணீர் மொண்டு வர எழுந்து தள்ளாடிப் போகிறார். போகிற வழியிலேயே விழுந்து இறந்துபோகிறார். வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது நினைவிருக்கிறது.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். கிளெரிக் என்றால் அடிபட்டவருக்கு வைத்தியம் பார்ப்பவர் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கிளெரிக்குகளில் ஏழெட்டுப் பிரிவுகள் உண்டு. உயிர், ஒளி, புயல், போர், அறிவு, இயற்கை, தந்திரம் என்று. நான் 'உயிர்' பிரிவை எடுத்தேன். அதில் வைத்தியத்துக்குக் கூடுதல் பலன் உண்டு. கனமான கவசமும் போட்டுக்கொள்ளலாம்.

நாங்கள் நாலு பேர் கொண்ட கூட்டம். ஒரு கோட்டை வாசலில் கோப்ளின் என்ற குட்டிப் பிசாசுகளோடு முதல் பெரிய சண்டை. யாருக்கு அடிபட்டாலும் ஓடிப்போய்க் கை வைத்துக் காயம் ஆற்றினேன். அந்த மந்திரத்துக்கு ஒரு எட்டுமுகப் பகடையை உருட்டி, அதோடு என் ஞானத்துக்கு உரிய 3-ஐக் கூட்டவேண்டும். பிரிவின் கூடுதல் பலனைச் சேர்க்காமல் சராசரியாக ஏழு எட்டுப் புள்ளி தேறும். அதற்குள் மூன்று கோப்ளின்கள் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு புள்ளி அடித்துவிடும். தவிர, மந்திரத்துக்குக் கையிருப்பு உண்டு. முதல் நிலையில் மொத்தமே இரண்டுதான். நம் கேஷுவல் லீவ் மாதிரி, தீர்ந்தால் தீர்ந்தது. படுத்துத் தூங்கி எழுந்தால்தான் மறுபடி வரவில் ஏறும். மூன்றாவது சுற்றில் என் கை காலி. ஐந்தாவது சுற்றில் நாலு பேரும் தரையில் கிடந்தோம். பிரெஞ்சில் 'பா த கிளேர்' என்று ஒரு வழக்கு உண்டு. கிளேர் வைத்த அடி என்று அர்த்தம்; அனுபவமில்லாமல் செய்த தப்பைச் சொல்வார்கள். அதைத்தான் செய்திருந்தேன்.

பேரன் பொறுமையாகச் சொன்னான். "தாத்தா, அவன் அடிக்கிற வேகத்துக்கு உங்களால ஆத்த முடியாது. அடி விழாம பாத்துக்கறதுதான் கிளெரிக் வேலை. வைத்தியம் கடைசியில."

பிறகு கணக்கோடு விளக்கினான். ஆரம்பத்தில் பங்கிட 27 புள்ளி கொடுப்பார்கள். கிளெரிக்கின் மந்திரங்களுக்கெல்லாம் ஆதாரம் ஞானம். அதனால் ஞானத்தை 17 வரை ஏற்றவேண்டும். அடுத்தது உடல் உறுதி, 14-க்குக் குறையக்கூடாது. பேச்சு சாமர்த்தியம், படிப்பறிவு இரண்டையும் 8-ல் விட்டாலும் குடி முழுகாது. (அலுவலகத்தில் நான் பார்த்த நல்ல எழுத்தர்கள் பலரும் இதே கணக்குதான்.)

உடல் உறுதி எதற்கு என்று கேட்டேன். அங்கேதான் சூட்சுமம். நல்ல மந்திரங்கள் பலவற்றை மனதை ஒருமுகப்படுத்திப் பிடித்து வைத்திருக்கவேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் அப்படிப் பிடிக்க முடியும். இரண்டாவதைத் தொட்டால் முதலாவது போய்விடும். நம்மேல் அடி விழுந்தால் பிடி தளரும். அப்போது உடல் உறுதியை வைத்துப் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். ஆகவே மற்றவர்களைக் காப்பாற்றவேண்டுமானால் தான் முதலில் ஆடாமல் நிற்கவேண்டும்.

சண்டை தொடங்கிய முதல் சுற்றிலேயே 'ஆசி' மந்திரம். மூன்று பேருக்குப் போடலாம். அவர்கள் அடிக்கும்போதும், எதிரியின் மந்திரத்தைத் தாக்குப்பிடிக்கும்போதும் ஒரு நாலுமுகப் பகடை கூடுதலாக விழும். பார்க்க அற்பம், சண்டை முழுக்கச் சேர்த்தால் பெரிய தொகை. ஐந்தாம் நிலையை எட்டியதும் 'காவல் ஆவிகள்' என்று ஒன்று கிடைக்கும். கிளெரிக்கைச் சுற்றி ஆவிகள் வட்டமிடும். கிட்டே வரும் எதிரி ஒவ்வொருவனுக்கும் மூன்று எட்டுமுகப் பகடை அளவுக்கு அடி, தாக்குப்பிடித்தால் அதில் பாதி. அவன் நடையும் பாதியாகிவிடும். ஊர் எல்லையில் அய்யனார் நிற்கிற மாதிரி நாம் நடுவில் போய் நின்றால் போதும். கனமான கவசம் இதற்குத்தான், ஓரமாக ஒளிந்துகொள்வதற்கு இல்லை.

வைத்தியம்? நண்பன் அடியோடு விழுந்துவிட்டால் மட்டும், தூரத்திலிருந்தே ஒரு வார்த்தை சொல்லி எழுப்பிவிடும் சின்ன மந்திரம். அதற்கு முழு முறையும் செலவாகாது. அதே சுற்றில் வேறு காரியமும் பார்க்கலாம். புயல் பிரிவு எடுத்தால் எதிரியை நனைத்துவிட்டு மின்னல் விட்டு இரட்டிப்பு அடி கொடுக்கலாம், ஒளிப் பிரிவு எடுத்தால் நெருப்புக் குண்டு கிடைக்கும் என்றெல்லாம் ஆசை காட்டினான். முகாமில் எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் இருக்கிறார், நூறு பொற்காசு கொடுத்தால் பிரிவு, புள்ளி எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்றான்.

பிரிவை மாற்றவில்லை. 'உயிர்' என்றே இருக்கட்டும் என்றேன். புள்ளிகளையும் விளையாடும் விதத்தையும் மட்டும் மாற்றினேன். அதே கோட்டை வாசல், அதே கோப்ளின்கள். முதல் சுற்றில் ஆசி. ஒருவர்கூட விழவில்லை. பேரன் கை தட்டினான். நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். கால் மரத்துப்போச்சு என்று சொன்னேன். காரணம் அது இல்லை.

அவளுக்குத் தலைவலி ஆரம்பித்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. காலையில் எழுந்ததும் பின்மண்டை வலிக்குது என்பாள். தைலம் தேய்த்துவிடுவேன். சுக்குக் காபி போட்டுக் கொடுப்பேன். கிறுகிறுப்பாக இருக்கிறது என்றால் நாற்காலி போட்டு உட்காரவைத்து விசிறிவிடுவேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சரியாகும். ஏழு புள்ளி, எட்டுப் புள்ளி. தெருமுனையில் கிளினிக் இருக்கிறது. பிரஷர் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகாது. எனக்கு அது தோன்றவில்லை. "டாக்டர்கிட்ட போலாமா?" என்று அவளே ஒரு தடவை கேட்டாள். "திங்கட்கிழமை போலாம்" என்றேன். அது எந்தத் திங்கட்கிழமை என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு விடியற்காலையில் சமையலறையில் குழாயடியில் விழுந்தாள். பக்கவாதம். அதற்குப் பிறகு பதினோரு மாதம் இருந்தாள். நான்தான் கஞ்சி ஊட்டினேன், புரட்டிப் படுக்கவைத்தேன், தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "உங்களை மாதிரி யார் பாத்துப்பாங்க" என்றார்கள். அந்தப் பாராட்டு எனக்கு ஏன் கசந்தது என்று அப்போது விளங்கவில்லை. அன்று மொட்டை மாடியில் விளங்கியது. துர்ப்பேன் மாதிரி தண்ணீர் எடுக்க ஓடியவன் நான், ஆனால் எல்லாம் விழுந்த பிறகு. நூறு காசுக்கு மாற்றித் தரும் கிழவர் நம் ஊரில் இல்லை.

கீழே இறங்கி வந்தபோது மகன் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை; பாதி நாள் இரவு ஷிஃப்ட். நாற்பத்தாறு வயது. கண் சிவந்திருந்தது. பின்கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தான்.

"தலைவலியா?"

"லேசா. தூங்கினா சரியாயிடும்ப்பா."

"சட்டையைப் போடு. கிளினிக் போலாம்."

"இப்பவா? மணி எட்டரை. திங்கட்கிழமை பாத்துக்கலாம்ப்பா."

"திங்கட்கிழமை வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தான். பிரஷர் 170-க்கு 100. அந்த டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தார். மறுநாள் காலையிலும் வரச்சொல்லிப் பார்த்தார், இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து, மாத்திரையும் ஆரம்பித்தார். இப்போது மூன்று மாதமாகக் கட்டுக்குள் இருக்கிறது. காலையில் அவன் மாத்திரை போட்டானா என்று பார்ப்பது என் டியூட்டி. ஒருமுகமாக அந்த ஒன்றைத்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

விளையாட்டும் தொடர்கிறது. இப்போது எட்டாம் நிலையில் இருக்கிறேன். உச்சம் 12. இன்னும் பல சாயங்காலங்களுக்குப் போதும்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். வீட்டில் யாராவது தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தால் தைலத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடுங்கள்.

ரயில் நிலையம் அடுத்த பதிவில் கட்டாயம் வரும்.